சொல் விளக்கம்: ஜூ, மிருகக்காட்சிசாலை, விலங்கியல் தோட்டம்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று மண்டாய்க்குக் கிளம்பினால், தாத்தா பாட்டிக்கு அது மிருகக்காட்சிசாலை, பேரப்பிள்ளைக்கு ஜூ, மறுநாள் தமிழ்ச் செய்தியில் விலங்கியல் தோட்டம். இடம் ஒன்றுதான். ஆனால் அங்கே போய் எதை எதிர்பார்க்கிறோம் என்பது பெயரைப் பொறுத்து மாறுகிறது. காட்சிசாலைக்குப் போகிறவர் காட்சியை எதிர்பார்ப்பார். விலங்கு புதருக்குள் படுத்துத் தூங்கினால், "ஒன்றுமே தெரியவில்லை" என்று அலுத்துக்கொள்வார். அதனால்தான் இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

முதலில் ஜூ. கிரேக்க மொழியில் 'ஸோயோன்' என்றால் உயிருள்ளது, விலங்கு. அதோடு அறிவுத்துறையைக் குறிக்கும் பின்னொட்டு சேர்ந்து 'ஸூவாலஜி' ஆனது, தமிழில் விலங்கியல். 1826இல் லண்டனில் விலங்கியல் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அதன் முதல் தலைவரும் யார் தெரியுமா? 1819இல் சிங்கப்பூரில் கால்வைத்த அதே ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ்.

அவர் சுமத்ராவின் பெங்கூலனில் இருந்தபோது சூரியக்கரடி ஒன்றை வீட்டிலேயே வளர்த்தவர். 1824 பிப்ரவரியில் இங்கிலாந்து திரும்ப 'ஃபேம்' என்ற கப்பலில் ஏறினார். கப்பல் தீப்பற்றிக்கொண்டது. இந்த வட்டாரத்தில் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த விலங்குகள், ஓவியங்கள், குறிப்புகள் எல்லாம் அதோடு போயின. அந்த இழப்புக்குப் பிறகும் சங்கத்தைத் தொடங்கினார். தொடங்கிய சில மாதங்களில், 1826 ஜூலையில், இறந்துபோனார். சங்கத்தின் தோட்டம் 1828இல் ரீஜன்ட்ஸ் பார்க்கில் திறந்தது, முதலில் உறுப்பினர்களுக்கு மட்டும். 1847இல் பொதுமக்களையும் உள்ளே விட்டார்கள். 'ஸூவலாஜிக்கல் கார்டன்ஸ்' என்ற நீளப் பெயர் மக்கள் வாயில் சுருங்கி 'ஜூ' ஆனது அந்தக் காலத்தில்தான். உலகம் முழுவதும் குழந்தைகள் சொல்லும் இந்த ஓரெழுத்துச் சொல்லுக்குப் பின்னால், நம் தீவின் வரலாற்றோடு பிணைந்த ஒருவர் இருக்கிறார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அதற்கு முன்பு அரசர்கள் விலங்குகளைச் சேர்த்து வைத்த இடங்களுக்கு ஐரோப்பாவில் 'மெனாஜரி' என்று பெயர். பிரெஞ்சில் வீட்டு நிர்வாகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனையில் 1752இல் தொடங்கியது இன்றும் இயங்குகிறது. விலங்கை வைத்திருப்பது அரசரின் பெருமை. அதைப் படிப்பது அறிஞர்களின் வேலை. லண்டன் சங்கம் பெயரிலேயே படிப்பை முன்னே வைத்தது.

இனி தமிழுக்கு வருவோம். மிருகம் வடமொழிச் சொல். அங்கே மானையும் பொதுவாகக் காட்டு விலங்கையும் குறித்தது. தமிழில் எல்லா விலங்குக்கும் பொதுவாகி, 'மிருகத்தனம்' என்று வசையாகவும் ஆகிவிட்டது. காட்சி, 'காண்' என்ற வினையிலிருந்து வந்தது. சாலை என்பது கூடம். பாடசாலை, தொழிற்சாலை என்று சொல்கிறோமே, அந்தச் சாலை. இலங்கைத் தமிழில் இன்றும் இதுதான் வழக்கு: தெஹிவளை மிருகக்காட்சிசாலை.

சென்னையில் வேறு கதை. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் அங்கே அருங்காட்சியக வளாகத்தில் விலங்குகளையும் வைக்கத் தொடங்கினார். ஊர்மக்கள் பதப்படுத்திய உடல்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. எந்தச் சொல்லாக்கக் குழுவும் உருவாக்கவில்லை. அது படிக்கும் இடம் என்பதைச் சந்தைக்குப் போய்வந்த மக்களே கண்டு சொன்னார்கள். 1985இல் வண்டலூருக்கு மாறியபோது அது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. கறாராகப் பார்த்தால் உயிரியல் செடிகொடிகளையும் சேர்த்த பெரிய துறை. விலங்கைப் பற்றியது விலங்கியல்.

'விலங்கு' பழைய தமிழ்ச் சொல். 'விலங்கொடு மக்கள் அனையர்' என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார். விலங்குதல் என்றால் குறுக்காக இருத்தல். மனிதர் நிமிர்ந்து நடக்கிறார். விலங்கின் உடல் தரைக்கு இணையாக, குறுக்காக நீள்கிறது. குறுக்கே கிடக்கும் மலைக்கும் 'விலங்கல்' என்று பெயர் உண்டு. கைகாலைக் குறுக்கே பிணைப்பதும் விலங்குதான். உடலின் அமைப்பைப் பார்த்துப் பிறந்த சொல் இது. இழிவு எதுவும் அதில் இல்லை. மிருகத்தைவிட இதை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் ஊன்றிவிட்ட சொல் விலங்கியல் தோட்டம். மூலப் பெயரின் இரண்டு பகுதிகளையும் விடாமல் தருகிறது: விலங்கியல் என்ற அறிவு, தோட்டம் என்ற இடம். இங்கே முதல் விலங்குக் கூடங்கள் உண்மையிலேயே ஒரு தோட்டத்தில்தான் இருந்தன. நம் முன்னோர் பூமலை என்று அழகாகப் பெயரிட்ட தாவரவியல் தோட்டத்தில் 1875 முதல் 1905 வரை விலங்குகள் இருந்தன. பிறகு, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வில்லியம் பசப்பா 1920களில் சிராங்கூன் ரோட்டில் விலங்குகளைச் சேர்க்கத் தொடங்கி, 1928இல் பொங்கோலுக்கு மாற்றினார். ஜப்பானியப் படை நெருங்கிய நேரத்தில் பிரிட்டிஷ் ராணுவம் அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள, அந்தத் தோட்டம் 1942இல் முடிவுக்கு வந்தது. பசப்பா மறு ஆண்டே காலமானார். சிங்கப்பூரில் விலங்கியல் தோட்டத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் இவரை விட்டுவிடக் கூடாது.

இன்றைய மண்டாய்த் தோட்டம் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஓங் சுவீ லாவின் யோசனை. மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் அது 1973 ஜூன் 27 அன்று திறக்கப்பட்டது. வடிவமைப்புக்கு ஆலோசகராக வந்தவர், மேலே சொன்ன தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் லின் டி ஆல்விஸ். கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து, அகழியும் நீரும் செடிகளும் மறைவான தடுப்பாக இருக்கும்படி அவர் அமைத்தார்.

இந்த இடத்தில் ஒரு துணைச்சொல்லைப் பேசியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'கன்சர்வேஷன்' என்பதை நாம் எப்போதும் பாதுகாப்பு என்று எழுதுகிறோம். சாலைப் பாதுகாப்பும் பாதுகாப்பு, ராணுவமும் பாதுகாப்பு. பாவம், அந்தச் சொல் எவ்வளவைத்தான் சுமக்கும்? பேணுதல் என்பது இன்னும் பொருத்தம். பேணுதலில் காப்பதும் உண்டு, ஊட்டி வளர்ப்பதும் உண்டு, மதிப்பதும் உண்டு. வாழிடத்திலேயே பேணுதல், வாழிடத்துக்கு வெளியே பேணுதல் என்று இரண்டாகப் பிரிக்கலாம். விலங்கியல் தோட்டம் நேரடியாகச் செய்வது இரண்டாவதை. அந்த அனுபவத்தாலும் வருமானத்தாலும் முதலாவதற்கும் கைகொடுக்கிறது.

வெளியே பேணுவது வீண்வேலையல்ல என்பதற்கு அரேபிய ஓரிக்ஸ் மான் சான்று. 1972இல் காட்டில் கடைசி விலங்கும் வேட்டையாடப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே சில விலங்குகளைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்கியல் தோட்டத்தில் பெருக்கத் தொடங்கியிருந்தார்கள். 1982இல் ஓமானின் பாலைவனத்தில் ஓரிக்ஸ் திரும்பவும் விடப்பட்டது. இப்படிப் பெருக்கும்போது உறவுக்குள்ளேயே இணை சேர்ந்து இனம் நலிந்துவிடாமல் இருக்க, எந்தக் குட்டிக்கு யார் தாய், யார் தந்தை என்று எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. குலப்பதிவேடு என்று அதற்குப் பெயர் வைக்கலாம். தோட்டங்கள் ஒன்றுக்கொன்று விலங்குகளை அனுப்பிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான்.

நம் ஊர்ச் சான்று இருவாச்சி. அலகின் மேல் இன்னோர் அலகு இருப்பதுபோல் தோன்றுவதால் இரண்டு வாய் கொண்டது என்று வந்த பெயர். சிங்கப்பூரில் இது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மறைந்துவிட்டது. 1994இல் புலாவ் உபினில் மீண்டும் தென்பட்டது. ஆனால் பெருகவில்லை. காரணம் கூடு. இருவாச்சிப் பெண்பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். ஆண் கொண்டுவரும் உணவு நுழைய ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும்வரை அந்தச் சிறு துளைதான் அதற்கு வெளியுலகம். அவ்வளவு பெரிய பொந்து விழ மரத்துக்கு வயது வேண்டும். நம் தீவில் அத்தகைய மரங்கள் குறைவு. 2004இல் ஜூரோங் பறவைப் பூங்கா, தேசியப் பூங்காக் கழகம், ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். செயற்கைக் கூட்டுப்பெட்டிகளை மரங்களில் பொருத்தினார்கள். உள்ளே கேமரா வைத்து, தாய் என்ன செய்கிறது, தந்தை என்ன கொண்டுவருகிறது என்று கவனித்தார்கள். இன்று சாங்கியிலும் பாசிர் ரிஸ்ஸிலும் வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளின் மாடிக் கைப்பிடியில்கூட இருவாச்சி வந்து அமர்கிறது. அந்தப் பறவைப் பூங்கா 2023இல் மூடப்பட்டு, 'பேர்ட் பாரடைஸ்' என்ற பெயரில் மண்டாயில் புதிதாகத் திறந்தது.

அழுங்கின் நிலைமை இன்னும் கடினம். எறும்புத்தின்னி என்றும் சொல்கிறோம். தென்னமெரிக்காவின் எறும்புத்தின்னி வேறு விலங்கு என்பதால் அழுங்கு என்பதே நல்லது. எறும்பும் கறையானும் தின்று வாழும் இதைக் காப்பகத்தில் உயிரோடு வைப்பதே சிரமம். நைட் சஃபாரியில் பராமரிப்பாளர்கள் அதற்கு ஏற்ற உணவைக் கண்டு பழக்கியிருக்கிறார்கள், குட்டியும் பிறந்திருக்கிறது. மறுபக்கம், 2019 ஏப்ரலில் ஒரே வார இடைவெளியில் 12.9 டன், 12.7 டன் என்று இருமுறை அழுங்குச் செதில்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பிடிபட்டன. இந்த எடையை நினைத்தால், ஒரு குட்டி பிறப்பதற்குப் பின்னால் உள்ள உழைப்பு ஏன் முக்கியம் என்று புரியும். மண்டாயைச் சுற்றிய காட்டில் அழுங்கு இயல்பாகவே வாழ்கிறது. அங்கே சாலையின் குறுக்கே விலங்குகள் கடக்க 2019 டிசம்பரில் பாலம் ஒன்று திறந்தது. இது வாழிடத்திலேயே பேணுதல்.

காட்சியிலிருந்து பேணுதலுக்கு மாறிய கதையை இரண்டு விலங்குகளின் வாழ்க்கையில் பார்க்கலாம். ஓராங் ஊத்தான் ஆ மெங், சட்டத்துக்குப் புறம்பாக ஒரு வீட்டில் வளர்க்கப்பட்டு, 1971இல் மீட்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் அது இறந்தபோது அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடியான இனுக்கா, 1990இல் பிறந்து 2018 ஏப்ரலில் மறைந்தது. இனித் துருவக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று தோட்டம் அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். மக்கள் ஆசையாகப் பார்க்கும் ஒரு விலங்கை, அதற்கு இந்த ஊர் ஒத்துவராது என்பதற்காக விட்டுக்கொடுப்பது காட்சிசாலை என்ற மனநிலையில் நடக்காது.

அடுத்து, சுற்றுச்சூழல் கல்வி. சிங்கப்பூர்த் தமிழில் நமக்குப் பழக்கமான சொல் சுற்றுப்புறம். தேசிய சுற்றுப்புற வாரியம் என்கிறோம். சுற்றுப்புறம் என்றதும் குப்பை, கொசு, துப்புரவு நினைவுக்கு வரும். சூழல் என்பது அகலமானது: நம்மைச் சூழ்ந்த உயிர்களும் அதில் உண்டு. மண்டாய்க்குக் கற்றல் பயணமாகப் போகும் மாணவர்கள் பெறவேண்டியது இந்த இரண்டாவது பொருள். அங்கே தொண்டூழியர்கள் கூடங்களின் அருகே நின்று, கேட்கிற குழந்தைக்கு மண்டையோட்டையோ இறகையோ காட்டி விளக்குவார்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு பலகையில் உள்ள எழுத்தைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் எண்ணம். போகிறவர்கள் நின்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் தமிழிலேயே கேளுங்கள்.

இந்தக் கல்வி வீட்டுக்கும் வரவேண்டும். 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கம், அதில் உள்ள அன்பு உண்மையானது. ஆனால் மனிதக் கையிலிருந்து உண்ணப் பழகிய குரங்கு பையைப் பிடுங்கத் தொடங்கும். சாலையோரம் காத்திருந்து வாகனத்தில் அடிபடும். இதைப் பெரியவர்களிடம் சட்டத்தின் பெயரால் சொல்வதைவிட விலங்கின் பெயரால் சொன்னால் கேட்பார்கள்.

சரி, எதை எங்கே ஆளலாம்? பேச்சில் ஜூ இருக்கட்டும். அதை விரட்ட வேண்டியதில்லை. எழுத்தில் விலங்கியல் தோட்டம், தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எழுதினால் விலங்கியல் பூங்கா. பூங்காவில் உள்ள 'கா' என்பது சோலை. காத்தல் என்ற வினையோடு அதைச் சேர்த்துச் சொல்லும் சொல்லாய்வாளர்களும் உண்டு. மிருகக்காட்சிசாலையைப் பழைய இடங்களைப் பற்றி எழுதவும், இலங்கைப் பெயர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். சஃபாரி, பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல் 'சஃபர்' சுவாஹிலி வழியாக வந்தது; சவாரிக்கும் அதற்கும் உறவில்லை. அதற்குத் தமிழில் கானுலா என்ற நல்ல சொல் இருக்கிறது. 1994 முதல் இயங்கும் நைட் சஃபாரி இடப்பெயர் என்பதால் அப்படியே எழுதலாம். பொதுவாகச் சொல்லும்போது இரவுக் கானுலா. தமிழ்நிலத்தில் இல்லாத விலங்குகளுக்குப் புதுப்பெயர் கட்டுவதைவிட மலாய்ப் பெயரை எடுத்துக்கொள்வது இயல்பு. காட்டு மனிதர் என்று பொருள்படும் ஓராங் ஊத்தானை ஏற்கெனவே அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். மண்டாய்க் காட்டில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோவுக்கும் மலாயில் 'குபோங்' என்ற பெயர் இருக்கிறது. அதையே நாமும் ஆளலாம்.