பீஹைவ் கொண்டை போடுகிறவர்களுக்கும் கலைக்கிறவர்களுக்கும்

இந்தக் கல்யாண சீசனிலும் ஒரு புதுப்பெண் அழுதுகொண்டே என் பார்லருக்கு வந்தாள். ரிசப்ஷனுக்கு வேறொரு பார்லரில், உச்சந்தலையில் முடியை உயரமாக எழுப்பும் பீஹைவ் கொண்டை போட்டிருக்கிறார்கள். அதை இரண்டு நாள் கழித்து வீட்டில் உச்சியிலிருந்து சீப்பை விட்டு இழுத்துக் கலைத்திருக்கிறார்கள். திரண்டுபோன முடியைக் கத்தரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆறேழு வருஷம் வளர்த்த முடி.

சிகாகோவில் பார்லர் நடத்திய மார்கரெட் வின்சி ஹெல்ட், 1960-இல் ஓர் அழகுக்கலைப் பத்திரிகை புது மாதிரி கேட்டதற்காக உருவாக்கிய கொண்டை இது. தன்னிடம் இருந்த கறுப்பு வெல்வெட் தொப்பியின் வடிவத்தை வைத்தே அதை யோசித்தார். தேன்கூடு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். அதைப் போட்டுக்கொண்ட பெண்கள் வாரம் ஒருமுறை பார்லருக்குப் போய்த் திரும்பப் போட்டுக்கொண்டார்கள், இரவில் துணி சுற்றிப் படுத்தார்கள்.

சீப்பால் மேலும் கீழும் பிராண்டினால்தான் உயரம் வரும் என்று நினைக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பாதி உயரம் ரோலரில் வருகிறது! முடியைப் பெரிய ரோலரில் சுற்றி, நன்றாகக் காயவைத்து, ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். அப்புறம் உச்சந்தலை முடியை மெல்லிய பகுதிகளாகப் பிரித்து, சீப்பை நுனிப்பக்கமிருந்து வேர்ப்பக்கம் மட்டும் தள்ள வேண்டும். தள்ளியதும் சீப்பை வெளியே எடுத்துவிட்டுத்தான் அடுத்த தள்ளு. அப்படியே நுனிப்பக்கம் திரும்ப இழுக்கக்கூடாது. மூன்று, நான்கு தடவை போதும். முன்முடியைத் தொடாமல் வைத்திருந்து, கடைசியில் அதை மேலே போர்த்தி நீவி, ஹேர்பின் குத்தி, ஸ்ப்ரே அடிப்பார்கள். ரோலருக்கு நேரமில்லை என்று சீப்பால் பிராண்டுகிற பார்லரில் உட்காராதீர்கள். முடியின் மேல்தோல் மீன் செதில் மாதிரி நுனி நோக்கிப் படிந்திருக்கிறது. மேலும் கீழும் பிராண்டினால் அந்தச் செதில் பிய்யும், பிய்ந்த செதில் திரும்ப ஒட்டாது. எண்ணெயும் ஹேர் ஸ்பாவும் அதை மறைக்கும், அவ்வளவுதான்.

ஸ்மூத்தனிங், ப்ளீச் செய்த முடிக்கு இந்தச் சீப்பு வேலை வேண்டவே வேண்டாம். உயரத்துக்கு முடிக்கு அடியில் ஸ்டஃபிங், அதாவது மெத்தென்ற திண்டு, வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும். குத்துவிளக்கு எரிகிற அறையில் அடிக்காதீர்கள், காய்வதற்குள் ஆரத்திக்கு நிற்காதீர்கள்.

கலைப்பது அன்று இரவே. முதலில் எல்லாப் பின்னையும் எடுங்கள். சீப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கண்டிஷனரையோ தேங்காய் எண்ணெயையோ தாராளமாகத் தடவி அரைமணி நேரம் விடுங்கள். விரலால் பிரித்து, பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். சிக்கு முழுக்கப் போன பிறகுதான் ஷாம்பு.

அம்மாக்களே, அத்தைமார்களே, அந்தப் பெண் களைத்துப்போய் இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பிரித்துவிடுங்கள், தயவுசெய்து. முடியவில்லையா, விடிந்ததும் கொண்டை போட்ட பார்லருக்கே அழைத்துப் போங்கள். கலைத்துத் தருவதும் அவர்கள் வேலைதான். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.