12.5 எப்படி 12,5 ஆனது?

ஒரு தளத்தில் டேட்டாபேஸில் விலையைச் சேர்க்கும் குவெரி ஒன்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மட்டும் தவறியது. டேபிளின் பத்திகளின் (காலம்களின்) எண்ணிக்கையும் மதிப்புகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்பது புகார். என் கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் பிழை வரவில்லை. கடைசியில் லாகைத் தோண்டினேன். 12.5 இருக்க வேண்டிய இடத்தில் 12,5 இருந்தது. ஒரு மதிப்பு இரண்டாக உடைந்துவிட்டது. (குவெரியைச் சரமாக (ஸ்ட்ரிங்காக) ஒட்டி எழுதியது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.)

என் பிஹெச்பி ஸ்கிரிப்டில் கமா போடும் வேலையே கிடையாது. போட்டது அதே தளத்தின் வேறொரு வலைப்பக்கம். தேதியை ஜெர்மன் மொழியில் காட்டுவதற்காக அது லோக்கேலை (எண், தேதி போன்றவற்றை எந்த நாட்டு வழக்கப்படி எழுதுவது என்ற அமைப்பை) மாற்றும் செட்லோக்கேல் ஃபங்ஷனை, எண் உட்பட எல்லா வகைகளுக்கும் சேர்த்து அழைத்திருந்தது. ஜெர்மனில் தசமத்துக்குக் கமாதான். லோக்கேலோ ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) முழுவதற்கும் பொது, த்ரெட்டுக்கு (அதற்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைக்கு) ஒன்று என்று கிடையாது. அந்தப் பக்கம் ஓடி முடிகிற சில மில்லிநொடிகளுக்குள் என் த்ரெட் ஒரு தசம எண்ணைச் சரமாக்கினால் அதற்கும் கமாதான் விழும். பிஹெச்பி 8.0-இலிருந்து தசம எண்ணைச் சரமாக்கும்போது லோக்கேலைப் பார்ப்பதில்லை. நாங்கள் இருந்தது 7-இல்.

இத்தனை நாள் ஏன் வரவில்லை? எங்கள் வெப் சர்வரான அப்பாச்சி அதுவரை ப்ரீஃபோர்க் என்ற முறையில் ஓடியது. அதில் ஒரு ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். மெமரி மிச்சமாகும் என்று வொர்க்கர் என்ற முறைக்கு மாற்றினோம். அதில் ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்கள். பிஹெச்பியையும் த்ரெட்-சேஃப் (பல த்ரெட்கள் சேர்ந்து ஓடினாலும் தாங்கும்) பில்டாகத்தான் போட்டோம், அப்புறம் என்ன பயம் என்று இருந்துவிட்டோம். அந்த பில்ட் காப்பது பிஹெச்பியின் சொந்த மாறிகளை மட்டும். கீழே இருக்கும் சி லைப்ரரிகளுக்கு அது பொறுப்பேற்காது. எங்கே நிறுத்தினோம் என்ற குறிப்பை உள்ளே ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு சரத்தைத் துண்டாக்கும் ஸ்டர்டாக் போன்ற பழைய ஃபங்ஷனை ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் அழைத்தால் போதும், இரண்டு த்ரெட்கள் ஒன்றின் குறிப்பை மற்றொன்று மிதிக்கும். யுமாஸ்க் (புதுக் கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிப்பது), சூழல் மாறிகள் எல்லாம் இதே கதைதான்.

அதைவிடத் தலைவலி, ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் ஒரே ப்ராசஸுக்குள் வருவது. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எக்ஸ்பாட் லைப்ரரியின் ஒரு பதிப்பை அப்பாச்சி ஏற்றியிருக்கும், அப்பாச்சிக்குள் உட்கார்ந்திருக்கும் பைத்தான் வேறொன்றை எதிர்பார்க்கும். முதலில் ஏறியதன் ஃபங்ஷனே இருவருக்கும் கிடைத்து, சைல்ட் ப்ராசஸ் சத்தமில்லாமல் செத்துப்போகும். எர்ரர் லாகில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற ஒரு வரிதான் மிஞ்சும். ப்ராக் அடைவில், இன்னும் உயிரோடிருக்கும் வேறொரு சைல்ட் ப்ராசஸின் மேப்ஸ் கோப்பைத் திறந்து, எந்த எஸ்ஓ கோப்பு (லைப்ரரி இருக்கும் கோப்பு) எந்தப் பாதையிலிருந்து ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நான் செய்யும் முதல் வேலை.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்ஓ கோப்பின் மேல் சிபி (நகலெடுக்கும்) கட்டளையால் புதியதை எழுதாதீர்கள். கோப்பு அதேதான், உள்ளே இருப்பது மட்டும் மாறும். அதை மெமரியில் வைத்து ஓடும் ப்ராசஸின் காலடியில் தரை நழுவும். அதே அடைவில் புதியதை வேறு பெயரில் வைத்து, பழைய பெயருக்கு எம்வி (பெயர் மாற்றும் கட்டளை) செய்தால், பழைய ப்ராசஸ்கள் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு நிதானமாக ரீஸ்டார்ட் செய்யலாம்.

பிஹெச்பியை இப்போது எஃப்பிஎம் என்ற ப்ராசஸ் மேலாளரில், அப்பாச்சிக்கு வெளியே தனி ப்ராசஸ்களாக ஓட்டுகிறோம். த்ரெட்கள் அப்பாச்சியோடு நின்றுவிட்டன.