‘குடும்ப நட்புப் பேயுலா’

அக்டோபர் பிறந்தால் போதும், டொரொண்டோப் பக்கத்துத் தமிழ் அறிவித்தல்களில் இது வந்துவிடும்: ‘குடும்ப நட்புப் பேயுலா, அனைவரும் வருக.’ ‘ஃபமிலி ஃப்ரெண்ட்லி’யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். எந்தக் குடும்பத்துக்கு யாரோடு நட்பு? ஹாலோவீன் மாலையில் பிள்ளைகள் வேடம் கட்டி, தாய் தகப்பனோடு அக்கம்பக்கத்துத் தெருக்களைச் சுற்றி மிட்டாய் வாங்கப் போவதற்குத்தான் இந்தப் பெயர்.

ஹாலோவீன் என்ற சொல்லின் கதை சிறியது. ‘ஹாலோ’ பழைய ஆங்கிலத்தில் புனிதர். ‘ஈன்’ மாலைக்கான ஸ்கொட்லாந்துக் குறுக்கம். நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா, அதற்கு முந்திய மாலை ஹாலோவீன். சொல்லுக்குள் பேயே இல்லை. ‘பேய்த் திருநாள்’ என்று எழுதுகிறவர்கள், நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்தும் நம் கத்தோலிக்கரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பெயரை ஹாலோவீன் என்றே விடுங்கள். கிறிஸ்மஸுக்குப் போர்த்துக்கீசர் தந்த நத்தார் நம் வீட்டுச் சொல்லாகவில்லையா?

உலாவும் பொருந்தாது. உலா இலக்கியத்தில் தலைவன் வீதிவர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் மயங்குவார்கள். இங்கே வருவது குளிர்ச்சட்டைக்கு மேல் ஸ்பைடர்மேன் உடுப்பை இழுத்து மாட்டிய ஆறு வயதுப் பொடியன். ‘ஹாலோவீன் தெருவலம், குஞ்சுகுருமனோடு வரலாம்’ என்றால் யாருக்கு விளங்காது?

இதைவிட மோசம், ‘தின்னத் தா, இல்லையேல் குழப்படி செய்வோம்’ என்ற பொருளில் வாசலில் பிள்ளைகள் கூவும் ‘ட்ரிக் ஓர் ட்ரீட்’டை ‘தந்திரமா, விருந்தா’ ஆக்கியது. தந்திரம் நரிக்கதையில் வருவது. 1927இல் கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்துப் பிளாக்கி ஊரிலிருந்து வந்த பத்திரிகைச் செய்தி ஒன்றில் இந்த ஆங்கிலத் தொடர் இருக்கிறது. அன்றிரவு வண்டிச் சக்கரம், படலை, பீப்பாய் எல்லாம் கழன்றுபோய்த் தெருவில் கிடந்தனவாம். பிள்ளைகள் முன்கதவிலும் பின்கதவிலும் நின்று தின்பண்டம் கேட்டிருக்கிறார்கள். படலையைக் கழற்றிக்கொண்டு போவதற்குத் தமிழில் பெயர் சேட்டை. விருந்தோ, இலை போட்டு உட்கார வைப்பது. வாசற்படியில் நின்றபடி பையில் விழும் சொக்லேட் விருந்தாகாது.

தனித்தமிழ் அன்பர்கள் ‘குறும்பா, தின்பண்டமா’ என்கிறார்கள். பொருள் சரிதான். ஆனால் ஈழத்தில் குறும்பா என்றால் ஐந்தடி நகைச்சுவைப் பாட்டு. கதவைத் திறந்தவர் பாட்டை எதிர்பார்த்து நிற்பார்! ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் பாட்டோ பகிடியோ சொல்லித்தான் பண்டம் வாங்குவார்கள் என்பதால் அங்கே வேண்டுமானால் பொருந்தும். என் தெரிவு ‘மிட்டாயா, சேட்டையா?’ கேட்பது முதலில், மிரட்டல் பிறகு. தமிழ்ப் பிள்ளை அப்படித்தான் பேசும். மிட்டாய் வடக்கிருந்து வந்தது, சேட்டை சமஸ்கிருதம் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மூச்சு வாங்காமல் கூவ முடியாத தூய சொல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு?

வாசல் விளக்கு எரிந்தால் தட்டலாம், அணைந்திருந்தால் கடந்து போக வேண்டும் என்பது டொரொண்டோப் பக்கம் எழுதாத சட்டம். ஒரு துண்டுப்பிரசுரத்தில் இதை ‘தாழ்வார ஒளி செயற்பாட்டில் உள்ள இல்லங்கள்’ என்று பெயர்த்திருந்தார்கள். ‘விளக்கு எரிகிற வீடு’ என்று எழுத எந்த அகராதி தடுத்ததோ.