ஜீப்புக்கு டீசல் எஞ்சின் தேடுமுன் பிரேக்கைப் பாருங்கள்

"பாஸ், என் லேண்ட் ரோவருக்கு எந்த டீசல் எஞ்சின் பொருந்தும்?" ஹட்டன் பக்கத்தில் கராஜ் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர் பாதிப் பதிலைக் கையோடு கொண்டுவந்திருப்பார். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஓர் எஞ்சினைப் பார்த்து, விலை பேசி, சிலவேளை முற்பணமும் கொடுத்திருப்பார். நான் எஞ்சினை விட்டுவிட்டுப் பிரேக்கைப் பற்றி விசாரிப்பேன். அவருக்கு முகம் சுருங்கிவிடும். சமவெளியில் இருக்கும் பட்டறைக்காரர் வேறு இடத்தில் தொடங்கலாம். ரம்பொடை இறக்கத்திலும் கினிகத்தேனை வளைவுகளிலும் ஓடப்போகிற வாகனத்துக்கு எஞ்சின் மாற்றுவது முதலில் பிரேக் வேலை, பிறகுதான் எஞ்சின் வேலை.

தோட்டத் துரைமார் ஓட்டிக் கழித்த லேண்ட் ரோவர்கள் மலையகத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 1958இல் வந்த சீரிஸ் 2, 1961இல் வந்த 2ஏ, 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3 என எல்லாம் கராஜுக்கு வருகின்றன. பெரும்பாலும் 2,286 சிசி பெற்றோல் எஞ்சின்தான். அதே கொள்ளளவில் டீசலும் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்றிருந்தவர்களும் அந்த இடைவெளியில் பழையதையே பேணக் கற்றுக்கொண்டார்கள். ஏற்றத்தில் பெற்றோல் குடிக்கிற குடியைத் தாங்க முடியாமல்தான் டீசலுக்கு மாறும் எண்ணம் வருகிறது. அதில் தவறில்லை.

ஆனால் உள்ளே இருப்பது ஏற்கெனவே டீசல் எஞ்சின் என்றால், அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று முதலில் திறந்து பாருங்கள். அந்த 2.25 லீற்றர் டீசல் 62 குதிரைவலு மட்டுமே தரும் சோம்பேறி. ஆனாலும் கிராங்க் தண்டு நல்ல நிலையில் இருந்தால், போரிங் செய்து புதிய பிஸ்டன் போட்டு ஓட வைக்கலாம். வேறு எஞ்சினை ஏற்றும்போது வரும் பத்து வில்லங்கங்களில் ஒன்றுகூட அப்போது வராது. வாடிக்கையாளருக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை. புதிய எஞ்சின் என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். பெற்றோல் எஞ்சின் காற்றை இழுக்கும் வழியில் ஒரு தகடு இருக்கிறது. நீங்கள் அக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் அது மூடிக்கொள்ள, அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை உறிஞ்சித்தான் உங்கள் காலுக்குப் பலம் சேர்க்கிறது. பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் அந்தத் தகடு இல்லை. காற்று தடையின்றி உள்ளே போகிறது. ஆகவே வெற்றிடமும் இல்லை. ஜப்பானியச் சிறு டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இதற்கென்று ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சிறிய வெக்கியூம் பம்ப் பொருத்தியிருப்பார்கள். எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு எண்ணெய் கொண்டுபோகும், தடித்த குழாய் ஒன்று அந்த எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவரும். எண்ணெய் போகாவிட்டால் பம்பின் உள்ளே சுழலும் தகடுகள் தேய்ந்துவிடும்.

எஞ்சின் விற்கும் இடத்தில் ஆல்டர்னேட்டரைத் தனியாகக் கழற்றி விற்பது வழக்கம். வாங்கியவர் ஊருக்கு வந்து, கையில் கிடைத்த சாதாரண ஆல்டர்னேட்டரைப் பூட்டுவார். மின்கலம் சார்ஜ் ஆகும், விளக்கு எரியும், எல்லாம் சரி என்று நினைப்பார்.

தலவாக்கலைப் பக்கம் மரக்கறி ஏற்றும் ஒரு ஜீப் அப்படித்தான் வந்தது. "பிரேக் கட்டையாக இருக்கிறது ஐயா, லைனரை மாற்றிவிடுங்கள்" என்றார் ஓட்டி வந்த தம்பி. பூஸ்டருக்குப் போகிற ரப்பர் குழாயைத் தேடினேன். அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். "இது எப்போதிலிருந்து?" என்று கேட்டேன். "எஞ்சின் போட்ட நாளிலிருந்து அப்படித்தான். அந்தக் குழாய்க்குப் பூட்டுகிற இடம் புது எஞ்சினில் இல்லை என்றார்கள்." அந்தத் தம்பி வாரக்கணக்கில் வெறும் கால் பலத்தால் மூட்டையோடு மலை இறங்கியிருக்கிறார். பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தேடிப் பொருத்தினோம். லைனரில் ஒரு குறையும் இல்லை.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும் வரை பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை இயக்குங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. பம்ப் பழுதாகியும் பூஸ்டரில் மிச்ச வெற்றிடம் இருந்தால் முதல் ஓரிரண்டு மிதிக்குப் பலம் கிடைக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். சமதரையில் இது தெரியாமலே போகும். தொடர்ந்து மிதிக்க வேண்டிய நீண்ட இறக்கத்தில்தான் தெரியும். பழைய சீரிஸ் வண்டிகள் பலவற்றுக்குப் பூஸ்டரே கிடையாது. அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நான்கு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள அவற்றில் இன்னும் வலுவான எஞ்சினை ஏற்றி, இன்னும் கூடுதலாகச் சுமை போட்டு ஓட்ட நினைப்பவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எந்த எஞ்சின்? "பெரியதாகப் போடுங்கள்" என்பவர்களுக்குச் சொல்வது இதுதான். அந்தப் பழைய பெற்றோல் எஞ்சின் தந்த முறுக்குவிசை ஏறக்குறைய 168 நியூட்டன் மீற்றர். கியர் பெட்டியும், பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டும் அந்த அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. டொயோட்டாவின் 2,446 சிசி 2எல் எஞ்சின் ஏறக்குறைய அதே விசையைத்தான் தருகிறது. ஆகவே பின்பாகம் பிழைக்கும். 14பி போன்ற லொறி எஞ்சினை ஏற்றினால் முதல் கியரில் கல்மேட்டில் ஏறும்போது ஹாஃப் ஷாஃப்ட் முறியும். அதை மாற்றினால் அடுத்ததாகக் கியர் பெட்டி போகும். டர்போ வைத்த எஞ்சினைக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அடுத்து டைமிங், அதாவது வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் இணைப்பு. நிசானின் 2,663 சிசி டிடி27 எஞ்சினில் அது பற்சக்கரத்தால் ஓடுகிறது. கனமான எஞ்சின், ஆனால் பொறுமைசாலி. 2எல் எஞ்சினிலும் மிட்சுபிஷி 4டி56 எஞ்சினிலும் ரப்பர் பெல்ட். 4டி56இல் சமநிலைத் தண்டுக்கென்று இன்னொரு சிறிய பெல்ட் இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வுகள் வளைந்துவிடும். பெல்ட் எஞ்சினை வாங்கினால், வண்டியில் ஏற்றுமுன் வெளியே வைத்தே பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போனபின் அதே வேலைக்கு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். கணினியால் இயங்கும் எஞ்சின்கள் வேண்டவே வேண்டாம். மஸ்கெலியாவுக்கு மேலே மழையில் நின்றுபோன ஒரு ஜீப்பை ஸ்பேனரும் கொஞ்சம் டீசலும் வைத்துக்கொண்டு மீண்டும் ஓட்டத் தெரிய வேண்டும். 2எல், டிடி27 போன்ற ஹைஏஸ், கரவன் வேன்களின் எஞ்சின்களை நான் விரும்புவதற்குக் காரணமும் இதுவே. அவற்றின் உதிரிப்பாகம் தேடிக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

வேன் எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு. சம்ப். வேனுக்குச் செய்த எண்ணெய்த் தொட்டி ஜீப்பின் முன் அச்சில் முட்டும். லேண்ட் ரோவரில் அச்சின் பற்சக்கரக் கூடான டிஃப்ரென்ஷியல் வலப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் இன்னும் நெருக்கடி. எஞ்சினை உயர்த்தி வைத்தால் பொனட் மூடாது. சம்பை வெட்டி ஒட்டுகிறவர்கள் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பதில்லை. செங்குத்தான தேயிலை மலைப் பாதையில் வண்டி அண்ணாந்து ஏறும்போது எண்ணெய் பின்னால் ஒதுங்க, குழாய் காற்றைக் குடிக்கும். எண்ணெய் விளக்கு ஏற்றத்தில் மட்டும் மினுங்கினால் அதன் பொருள் இதுதான்.

கியர் பெட்டியோடு இணைக்கும் அடாப்டர் தகட்டையும் லேசாக எண்ண வேண்டாம். எஞ்சினின் மையமும் கியர் பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல், துளைகள் பொருந்துகின்றனவே என்று பூட்டிய வேலைகளில் கிளட்சும் தண்டின் பேரிங்கும் மாறி மாறிப் போகின்றன. பெற்றோல் வண்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: டீசலைப் பீய்ச்சும் நோசில்களிலிருந்து மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்புவதற்கு ஒரு குழாய் புதிதாகப் போட வேண்டும், தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியும் வேண்டும்.

உயரத்தைப் பற்றிக் கொழும்பில் எஞ்சின் விற்பவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே அளந்து வைத்த டீசல் அளவே இங்கும் போனால், எரிவதற்கு வேண்டிய காற்று போதாமல் கரும்புகை வரும். டீசல் பம்பைக் கொஞ்சம் குறைத்து அமைக்க வேண்டும். புகை பிடித்துவிட்டதே என்று நோசிலையும் பிஸ்டன் ரிங்கையும் மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்களைத் தெரியும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டியை முறுக்கிப் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதே உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதிக்கிறது. எனவே ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால், கீழே சமாளித்த எஞ்சின் மேலே கொதித்துவிடும். குளிர்காலை பற்றியும் ஒரு சொல்: ஹீட்டர் பிளக்குகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று எஞ்சின் வெளியே இருக்கும்போதே பாருங்கள்.

வாங்கும் இடத்தில் முதல் வேலை, விற்பவர் சாவியைத் தொடுமுன் பிளாக்கில் கை வைப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிரில் அது எப்படி உயிர் பெறுகிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆற விடுங்கள். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து அதே வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மானி கொண்டுபோனால் நல்லது. இந்த வகை எஞ்சின் நல்ல நிலையில் 400 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 300க்கு அருகே இறங்கியதையும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 70க்கு மேல் வேறுபடுவதையும் நான் தொடமாட்டேன். இயக்கிக் காட்ட மாட்டோம், உத்தரவாதம் உண்டு என்பவர்களிடம் வாங்குவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

எஞ்சின் இலக்கம் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அரம் தேய்த்த அடையாளம் தெரிந்தால் திரும்பி நடந்துவிடுங்கள். எஞ்சினும் எரிபொருளும் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம் இது. அதற்குக் கடையின் விற்பனைச் சீட்டும் இறக்குமதி ஆவணத்தின் பிரதியும் தேவைப்படும். பணம் கொடுக்கும் அன்றே அவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிறகு தருகிறேன் என்ற பேச்சை நம்பி மலையேறியவர்கள் அந்தத் தாளுக்காகவே மறுபடி மறுபடி கொழும்புக்குப் போகிறார்கள். பதிவில் பெற்றோல், பொனட்டுக்குள் டீசல் என்று ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எல்லாம் பூட்டி முடிந்தபின் முதல் இறக்கத்தைச் சுமையின்றி, பகலில், இரண்டாம் கியரில் இறங்கிப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் ஒரு பேன் பெல்ட்டும் அதைப் பூட்டும் ஸ்பேனரும் இருக்கட்டும். வெக்கியூம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சுழல்கிறது, ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது அந்தப் பெல்ட். இறக்கத்தில் சார்ஜ் விளக்கு திடீரென்று எரிந்தால் மின்கலத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். பூஸ்டரில் மிச்சம் இருக்கும் முதல் மிதியிலேயே வண்டியை ஓரம் கட்டுங்கள்.