புல்லுருவியை வெட்டச் சொல்லும் முன் அந்தச் சிவப்பு முதுகைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். கொண்டோமினியம் நிர்வாகம் கூப்பிட்டாலும் சரி, தரைவீட்டுக்காரர் கூப்பிட்டாலும் சரி, அடிக்கடி கேட்கிற பேச்சு இதுதான்: "மரத்துல புல்லுருவி பிடிச்சிருக்கு, ஒண்ணு விடாம வெட்டிடுங்க." சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "அந்தக் குருவிதான் பரப்புது, அது வராம இருக்க ஏதாவது செய்ய முடியுமா?" என்றும் கேட்கிறார்கள்.

மரக்கிளையில் ஒட்டி வளரும் இந்த ஒட்டுண்ணிச் செடியைக் குருவிதான் பரப்புகிறது, அது உண்மை. ஆனால் அதை விரட்ட வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

செம்முதுகுப் பூங்கொத்தி என்பது அதன் பெயர். நீளம் 9 செ.மீ.தான், எடை 7, 8 கிராம். ஆண் பறவைக்கு உச்சந்தலையில் தொடங்கி வாலின் அடி வரை ஒரே சிவப்புப் பட்டை. இரண்டு பக்கமும் கருநீலம். பெண் பறவை மங்கிய பச்சை. வாலுக்குச் சற்று மேலே மட்டும் சிவப்பு. இந்தியாவின் வடகிழக்கிலிருந்து போர்னியோ வரை இருக்கிற பறவை இது. காட்டோரத்தில் வாழ்ந்தது, இன்று வீவக புளோக்குகள் என்கிற அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கிற மரங்களுக்கும் பழகிவிட்டது. உச்சிக்கிளையிலேயே திரிவதால் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். 'டிக் டிக்' என்று உலோகம் தட்டுவது போன்ற கூர்மையான குரல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள்.

பூந்தேன், சிலந்தி, செண்டுடுக் புதர்ப் பழம், செர்ரிப் பழம் எல்லாம் தின்னும். ஆனாலும் புல்லுருவிப் பழம் என்றால் அதற்கு உயிர். அதன் வயிற்று அமைப்பே அதற்கு ஏற்றபடிதான் இருக்கிறது. பூச்சியைத் தின்றால் அது அரைவைப் பைக்குள் போகும். பழம் அந்தப் பைக்குள் போகாமல் நேராகக் குடலில் இறங்கிவிடும். அதனால் விதை நசுங்காமல் சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடுகிறது. விதையைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு பொருள் இருக்கும், லேசில் விடாது. பறவை பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத்தான் அதை விடுவிக்கும். ஆளை உயரே தூக்கிச் செல்லும் பூம் லிஃப்ட்டில் ஏறிப் பக்கத்தில் பார்த்தால், கிளையின் மேல் விதைகள் நூலில் கோத்தது போல வரிசையாக ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். சிலவற்றில் பச்சை முளை வளைந்து பட்டையைத் தொட்டிருக்கும். தொட்ட இடத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மெல்ல உள்ளே துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்களைப் பிடித்துவிடும்.

மரத்தின் சாப்பாட்டையே புல்லுருவி உறிஞ்சிவிடும் என்று பலருக்குத் தவறான எண்ணம். புல்லுருவி மரத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் தாது உப்பும். தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தன் பச்சை இலையால் தானே பெரும்பாலும் தயாரித்துக்கொள்கிறது. நல்ல திடமான பெரிய மரத்தில் இரண்டு மூன்று கொத்து இருந்தால் மரம் தாங்கும். ஒரே கிளையில் அடர்ந்துவிட்டால் கிளை நுனிக்குத் தண்ணீர் போகாமல் காய ஆரம்பிக்கும். அது நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், வெட்டிவிடுவேன். இளம் மரம், வேர் அடிபட்ட மரம், ஏற்கெனவே இலை மெலிந்த மரம், இவற்றில் புல்லுருவி வந்தாலும் அதே முடிவுதான். தமிழ்நாட்டு மாந்தோப்பில் விளைச்சலே இதில் அடங்கியிருப்பதால் அங்கே கவாத்து கட்டாயம்.

ஆனால் வெறும் அலங்கார மரத்தில், யாருக்கும் ஆபத்தில்லாத உயரத்தில் இருக்கிற கொத்தை, பார்க்க அழகாக இல்லை என்பதற்காக மட்டும் வெட்டச் சொன்னால் நான் மறுத்துப் பேசுகிறேன். அந்தக் கொத்தை நம்பிப் பூங்கொத்தி மட்டும் இருப்பதில்லை. தேன்சிட்டு பூவுக்கு வரும். சிவப்பும் மஞ்சளுமாகப் பறக்கும் பெயின்டட் ஜெஸபெல் பட்டாம்பூச்சியின் புழுக்கள் வளர்வது இந்த இலையைத் தின்றுதான். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற ஆய்வாளர் நியூ சவுத் வேல்ஸ் காட்டுத் துண்டுகள் சிலவற்றில் புல்லுருவியை முழுக்க அகற்றிப் பார்த்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அங்கே, காட்டையே நம்பியிருக்கும் பறவையினங்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. 2012இல் வெளிவந்த ஆய்வு அது. நம் ஊர் வேறு, காடு வேறுதான். இருந்தாலும் 'ஒண்ணு விடாம' என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காக வெட்ட வேண்டும். கொத்தை மட்டும் பிய்த்தெடுத்தால் பட்டைக்குள் இருக்கிற பகுதியிலிருந்து மறுபடி தளிர்க்கும். ஒட்டியிருக்கிற இடத்துக்குக் கீழே, நல்ல கட்டையாகப் பார்த்துக் கிளையோடு எடுக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க மேலோட்டமாக அறுத்துவிட்டுப் போகிற வேலையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம் கூடு. ரம்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பைனாகுலரில் கிளை நுனிகளை ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பூங்கொத்தியின் கூடு உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பை. மெல்லிய நாராலும் பஞ்சாலும் பின்னி, இலைகளுக்கு அடியில் தொங்கும், வாசல் பக்கவாட்டில். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த இலைச் சுருள் என்றே தோன்றும். தாயோ தகப்பனோ வாயில் இரையோடு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அவசரமில்லாத வேலையைச் சில வாரங்கள் தள்ளிப் போட்டால் குஞ்சு பறந்துவிடும். ஒப்பந்தத்தில் குறித்த தேதி என்று யாராவது சொன்னால், தேதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள்.

இறகு முளைத்த குஞ்சு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாலும் சோறும் ஊட்ட வேண்டாம். பூனைக்கு எட்டாத பக்கத்துப் புதரில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், பெற்றவை தேடி வரும். அடிபட்டிருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்துத் தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள். கூண்டில் வளர்க்கலாமே என்ற ஆசை வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.