நடவு யார் வேலை?

மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு நேரத்தில் வரப்பில் நின்றால் ஒரு பேச்சு காதில் விழும்: "நடவுக்குப் பெண்கள் கைதான் சரி." விரல் பக்குவம், பொறுமை என்று காரணங்களும் கூடவே வரும். ஏர் பிடிப்பதும் வரப்பு வெட்டுவதும் ஆணுக்கு, நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு என்று பிரித்தார்கள். கூலியில் பெண்ணுக்குக் குறைத்தார்கள். சேற்றில் நாள் முழுக்கக் குனிந்தபடி பின்னோக்கி நகர்வதை 'லேசான வேலை' என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ, எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிறகு நடவு இயந்திரம் வந்தது. வயலும் பயிரும் மாறவில்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் பெரும்பாலும் ஆண்தான் இருக்கிறார். பெண்ணின் பிறவிக் குணம் என்று சொல்லப்பட்ட பக்குவத்தை இப்போது யாரும் தேடுவதில்லை.

ஒரு வேலையை யார் செய்யக் காண்கிறோமோ, அவர்களுடைய இயல்பே அதுதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. 1990இல் கர்ட் ஹாஃப்மன், நான்சி ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கற்பனைக் கோள் ஒன்றில் இரண்டு இனங்கள். ஓர் இனத்தில் பெரும்பாலோர் நகரத்தில் வேலைக்குப் போகிறார்கள். மற்றதில் பெரும்பாலோர் குழந்தை வளர்க்கிறார்கள். குணத்தில் இரண்டு இனத்துக்கும் வேறுபாடே வராதபடி விவரங்களைக் கொடுத்தார்கள். அப்படியும் அந்த விவரங்களைப் படித்துப் பார்த்தவர்கள் முதல் இனத்தைத் துணிச்சல்காரர்கள் என்றும் இரண்டாவதை அன்பானவர்கள் என்றும் கருதினார்கள். இந்த வேலைப் பிரிவினை ஏன் என்று காரணம் யோசிக்கச் சொன்னபோது அந்த எண்ணம் இன்னும் வலுத்தது. காரணம் தேடும் புத்தியே, இல்லாத ஒரு குணத்தை உண்டாக்கிக்கொண்டது.

அந்தக் குணத்தை நம்பித்தான் அடுத்த வேலையையும் பங்கிடுகிறோம். அந்தப் பங்கீட்டைப் பார்க்கிற பிள்ளைகள் அதையே இயல்பு என்று படித்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பெழுதப் பெண்ணையும் வெளியூர்ப் பயணத்துக்கு ஆணையும் கூப்பிடுவது இந்த வயலில் முளைத்த பழக்கம்தான்.

கெட்ட எண்ணம் உள்ளவர்கள்தான் இப்படி நடப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கான விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார்கள். சிலருடைய பிரதியில் ஜான் என்ற பெயர், மற்றவர்களுடையதில் ஜெனிஃபர். மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை. ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் ஆண்டுச் சம்பளம் தர முன்வந்தார்கள்; ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் அதையொத்த வேலைக்கும் ஆண், பெண் பார்க்காமல் ஒரே கூலி கொடுக்கச் சொன்னது. வேலையையே இரண்டாகப் பிரித்து வைத்த வயலில், எதை எதோடு ஒப்பிட்டுக் கேட்பது?

பழகிய கண்ணை மாற்ற முடியும். மேற்கு வங்கக் கிராமங்களில் ஆய்வாளர்கள், ஊராட்சித் தலைவர் பேசுவதுபோன்ற ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலில் பேசிய தலைவருக்குத் திறமை குறைவு என்றார்கள் ஆண்கள். இட ஒதுக்கீட்டால் பெண் தலைமையைக் கண்டிருந்த ஊர்களில் அந்தக் குறைமதிப்பு மறைந்திருந்தது. ஆனாலும் தலைவராக ஆணே இருந்தால் நல்லது என்ற விருப்பம் மட்டும் அந்த ஊர் ஆண்களிடமும் மாறவில்லை.