குடும்ப நீதிமன்றத்தில் வி.சி. (வீடியோ கான்பரன்சிங்) விசாரணை: சம்மதக் கையெழுத்துப் போடும் முன்

"வீட்டுக்காரர் பக்கம் வி.சி. கேக்கறாங்களாமாங்க மேடம், நாங்களும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்லாங்களா?" கோவையிலும் திருப்பூரிலும் குடும்ப வழக்கு நடத்துகிற எங்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் பெண். பல்லடத்திலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ, பனியன் கம்பெனியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வருகிறவர். அலைச்சல் மிச்சம் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். அதில் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் சட்ட நிலை. வேறு ஊருக்கு வழக்கை மாற்றக் கேட்டு மனைவி உச்ச நீதிமன்றம் போனால், மாற்றுவதற்குப் பதிலாக வீடியோ கான்பரன்சிங் வைத்துக்கொள்ளலாம் என்ற வழியை 2017 மார்ச்சில் கிருஷ்ணவேணி நாகம் வழக்கில் இரு நீதிபதிகள் காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சாந்தினி எதிர் விஜய வெங்கடேஷ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. வழக்கு மாற்ற மனுவில் வி.சி.க்கு உத்தரவிடக் கூடாது. சமரச முயற்சி தோற்ற பிறகு இரு தரப்பும் கூட்டு மனுவோ தனித்தனிச் சம்மத மெமோவோ போட்டால், குடும்ப நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி அனுமதிக்கலாம்.

பலரும் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, "நாம சம்மதிக்கலைன்னா வி.சி. கிடையாது" என்று தெம்பாக இருந்துவிடுகிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு வழியும் இருக்கிறது. சமரசம் தோற்ற பிறகு, வழக்கின் சூழ்நிலையைப் பார்த்து, நீதிக்கு அது உதவும் என்று குடும்ப நீதிமன்றமே கருதினால் அதுவாகவே வி.சி.க்கு உத்தரவிடலாம். ஆகவே "ஆட்சேபிக்கிறோம்" என்று ஒற்றை வரியில் கவுன்ட்டர் (பதில் மனு) போட்டால் போதாது. இந்த வழக்கில், இந்தச் சாட்சியை வி.சி.யில் விசாரித்தால் நீதிக்கு ஏன் உதவாது என்று காரணங்களை எழுத வேண்டும். எதிர்த் தரப்பு, வி.சி.யை அனுமதித்து 2021 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டக்கூடும். கொரோனாவால் நேரடி விசாரணை நடக்காதிருந்த நிலைமைக்காக வந்தது அது. இன்று நம் நீதிமன்றங்கள் திறந்திருக்கின்றன என்பதையும் கவுன்ட்டரில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

காரணங்களில் தலையானது குறுக்கு விசாரணை, அதாவது கிராஸ். இப்போதெல்லாம் முதல் விசாரணை வாய்மொழியாக நடப்பதில்லை. வக்கீல் அலுவலகத்தில் டைப் செய்த ப்ரூஃப் அஃபிடவிட் (சாட்சியத்தை எழுத்தில் தரும் உறுதிமொழிப் பத்திரம்) தாக்கலாகிறது. அதில் எல்லோருமே உத்தமர்கள். அந்த மனிதர் தன் சொந்த வாயால் நீதிபதி முன் பேசுவது கிராஸில் மட்டும்தான். சாட்சியின் நடத்தையைக் கவனித்து நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை, 12ஆம் விதி சொல்கிறது. திரையில் தெரிவது மார்பளவு உருவம். அதை வைத்து எதைக் குறிக்க முடியும்?

நான் கண்ட ஒரு விசாரணையைச் சொல்கிறேன். கணவர் வெளிநாட்டில். சீர் நகைப் பட்டியலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அந்த ஆரம் யார் லாக்கரில் இருக்கிறது?" கேள்வி முடிந்ததும் அவர் கண் காமிராவை விட்டு இடது பக்கம் போயிற்று. இரண்டு நொடி கழித்து, "கேக்கலைங்க சார், லைன் கட்டாவுது" என்றார். கேள்வியைத் திரும்பக் கேட்டபோது பதில் தயாராக வந்தது. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டார். "யாருமில்லைங்க." லேப்டாப்பைச் சுற்றிக் காட்டினார், வெறும் சுவர். அந்த இரண்டு நொடி எந்த டெப்போசிஷனிலும் (சாட்சிப் பதிவிலும்) ஏறவில்லை. சாட்சிக் கூண்டில் நின்றிருந்தால் அவர் பார்வை போன திசையை நீதிமன்றமே பார்த்திருக்கும்.

அடுத்தது ரகசியம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 11இன்படி ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் மூடிய அறை விசாரணையைத்தான் சொல்கிறது. நீதிமன்றக் கதவைச் சாத்திவிடலாம். எதிர்முனை வீட்டின் கதவை யார் சாத்துவது? நம் கட்சிக்காரர் பக்கமும் இதே நிலைதான். அப்பா வீட்டின் ஒற்றை அறையில் உட்கார்ந்து, அடுப்படியில் அண்ணி, திண்ணையில் பங்காளிகள் என்று இருக்கும்போது, படுக்கையறை சம்பந்தப்பட்ட கேள்விக்கு ஒரு பெண் வாய் திறந்து பதில் சொல்வாரா? தயங்கித் தலையசைத்துவிடுவார். அந்தத் தயக்கம் அவருக்கே எதிராகப் பதிவாகும்.

சமரச கட்டத்தில் வி.சி.யை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 9 நீதிமன்றத்தின் மேல் வைத்த கடமை. கவுன்சிலர் அறைக்கு வெளியே பெஞ்சில் அப்பாவைப் பார்த்ததும் பாப்பு ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்ட பிறகு பேச்சின் போக்கே மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

அதற்காக எல்லா வி.சி.யையும் எதிர்ப்பது நியாயமில்லை. இருவரும் மனமொத்துப் பிரியும்போது வெளிநாட்டில் இருப்பவரை வாக்குமூலத்துக்காக மட்டும் விமானம் ஏறி வரச் சொல்வது வீண். அடித்த கணவரின் முகத்தில் விழிக்கவே அஞ்சுகிற பெண்ணுக்கு வி.சி. பாதுகாப்பு. சாந்தினி வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், தொழில்நுட்பத்துக்குக் கதவை அடைக்கக் கூடாது என்றார். அவர் கவலையை நான் மதிக்கிறேன். என் ஆட்சேபம், உண்மை எது என்பதில் தகராறு உள்ள வழக்கின் சாட்சி விசாரணைக்குத்தான்.

அலைச்சலுக்கு வேறு வழிகள் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். கணவர் சென்னையில் போட்டிருந்தால், இங்கே மாற்றித் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். வழக்குச் செலவுக்கு இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 24 இருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்ற ஒரே தகுதியில், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

ஆட்சேபத்தையும் மீறி வி.சி. அனுமதிக்கப்பட்டால், நிபந்தனைகளையாவது எழுத்தில் கேளுங்கள். சாட்சி வீட்டிலிருந்து பேசக் கூடாது. உள்நாடு என்றால் பக்கத்து நீதிமன்ற வளாகத்திலிருந்தும், வெளிநாடு என்றால் இந்தியத் தூதரக அதிகாரி ஒருங்கிணைப்பாளராக இருக்கும் இடத்திலிருந்தும் பேச வேண்டும்; உச்ச நீதிமன்ற இ-கமிட்டியின் மாதிரி விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. கிராஸில் காட்டப்போகும் ஆவணங்கள் உறையிட்டுப் போக வேண்டும், கேள்வி வரும் வரை சாட்சி அதைப் பிரிக்கக் கூடாது. லைன் துண்டானால் அது எந்தக் கேள்வியில் துண்டானது என்று அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

உத்தரவில் குறை இருந்தால் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள். அரசியலமைப்பின் 227ஆம் பிரிவில் சீராய்வு கேட்க அது வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம். கரூர் வழக்குக்கு மதுரைக் கிளை.